ஓடையில் கடைசியாகக் கை வையுங்கள்: சிறு நீர்வடிப்பகுதிக்கு ஒரு முழு வழிகாட்டி

ஊரில் கிணறு வற்றினால் கிராம சபையில் எழும் முதல் கோரிக்கை தடுப்பணை. ஓடைக்குக் குறுக்கே ஒரு சுவர் எழும்பினால் கண்ணுக்குத் தெரியும், கல்வெட்டு பதிக்கலாம், நிரம்பிய அன்று படம் எடுக்கலாம். அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்ற கணக்கை மட்டும் யாரும் போடுவதில்லை. முதலில் அதைப் போட்டுவிடுவோம்.

ஓர் ஓடைக்குத் தண்ணீர் வடியும் மொத்தப் பரப்பு, அதாவது அதன் நீர்வடிப்பகுதி, 300 ஹெக்டேர், அதாவது சுமார் 750 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை விழுந்தால் 10,000 லிட்டர். ஐப்பசியில் ஒரே இரவில் 60 மி.மீ. பெய்தால் அந்தப் பரப்பில் விழுவது 18 கோடி லிட்டர். அதில் 15 சதவீதம் ஓடையில் இறங்கினாலும் 2 கோடியே 70 லட்சம் லிட்டர். 100 மீட்டருக்கு 1 மீட்டர் சரியும் ஓடையில் 10 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரத்துக்கு ஒரு தடுப்பணை கட்டினால் பின்னால் 120 மீட்டர் நீளத்துக்கு ஆப்பு வடிவில் தண்ணீர் நிற்கும். அளவு ஏறக்குறைய 7 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். அந்த ஓர் இரவின் வெள்ளத்தைப் பிடிக்கவே இப்படி 38 அணைகள் வேண்டும்.

அதே 300 ஹெக்டேரிலும் வரப்பைச் சரிசெய்து, கோடை உழவு போட்டு, சரிவில் குழி வெட்டி, மண் கூடுதலாக 5 மி.மீ. மழையைக் குடிக்கும்படி செய்தால் ஒன்றரைக் கோடி லிட்டர் நிற்கும். இருபது தடுப்பணைக்கு இது சமம். அதனால்தான் இந்த வேலை மேட்டில் தொடங்கி, ஓடையில் முடிகிறது.

நான் எழுதுவது சிறுமலைக்குக் கிழக்கே, நத்தம் பக்கத்து நிலத்தை மனதில் வைத்து. மேலே பாறையும் புதரும், நடுவில் மாந்தோப்பும் மானாவாரியும், கீழே ஓடை, அது போய்ச் சேர ஒரு கண்மாய். தமிழ்நாட்டின் நிலத்தில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றே குறைவான பரப்பு இப்படிக் கடினப்பாறைதான் என்பதால் பெரும்பாலானவர்களுக்கு இது பொருந்தும். டெல்டா வண்டலுக்கும் கடலோர மணலுக்கும் கணக்கே வேறு.

முதல் வேலை: மழையில் நடப்பது

வரைபடம் பிறகு. நல்ல மழை பெய்யும் நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடையின் வாயிலிருந்து மேலே நடங்கள். இடி இடித்தால் மட்டும் வீடு திரும்பிவிடுங்கள். கூட ஆடு மேய்ப்பவர் ஒருவர் வந்தால் பாதி வேலை முடிந்தது. ஓடையில் சேரும் சிறு வாய்க்கால்களான வாரிகளில் எது முதலில் ஓடும், எது கடைசியில் வற்றும், எந்த இடத்தில் போன வருஷம் வெள்ளம் கரையைத் தின்றது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

பார்க்க வேண்டியது தண்ணீரின் நிறம். இரண்டு வாரி சேரும் இடத்தில் நின்றால் ஒன்று தெளிவாகவும் மற்றது செம்மண் குழம்பாகவும் வரும். குழம்பாக வரும் வாரியின் தலையில்தான் உங்கள் முதல் வேலை இருக்கிறது. எங்கள் ஓடையில் அப்படித் தேடிப் போனபோது மண் வந்தது மலையிலிருந்து இல்லை. சரிவுக்கு நேர்க்கோட்டில், மேலிருந்து கீழாக உழுதிருந்த இரண்டு தோட்டங்களிலிருந்தும், வண்டிப்பாதை பள்ளமாகி வாரியாகவே மாறியிருந்த ஓர் இடத்திலிருந்தும் வந்தது. மலையைக் குறை சொல்லிக்கொண்டே பல வருஷம் ஓட்டியிருந்தோம்.

மழை விட்டதும் வெள்ளத்தின் அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கிளைகளில் சிக்கிய வைக்கோல், கரையில் படிந்த சருகுக் கோடு. ஓடை அதிகபட்சம் எவ்வளவு உயரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அடுத்த நாள் வரைபடம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் சம உயரக் கோடுகள் இருக்கும். அவற்றை வைத்து நீர்பிரியும் மேட்டைக் கோடாக இழுத்தால் உங்கள் நீர்வடிப்பகுதியின் எல்லை கிடைத்துவிடும். கூகுள் எர்த்திலும் இஸ்ரோவின் ‘புவன்’ இணைய வரைபடத்திலும் சரிபார்க்கலாம். அதன்மேல் ஒவ்வொரு புல எண்ணின் எல்லையைக் காட்டும் புலப்படத்தையும், நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டையும் வைத்து, ஓடைப் புறம்போக்கு எது, பட்டா எது, காப்புக்காடு எது என்று நிறம் தீட்டுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் மண்வெட்டி இறங்கக் கூடாது. ஓடைப் புறம்போக்கில் எதைக் கட்டுவதற்கும் எழுத்தில் அனுமதி வேண்டும். கண்மாய் என்றால் பொதுவாக அதில் பாயும் நிலமான ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். மனுவைத் தப்பான அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கூடும் கிராம சபையிலேயே தீர்மானம் போட்டுவிட்டால் கோடையில் வேலை தொடங்க வசதி.

இரண்டாவது: மூன்று அளவுகள்

மழை, ஓட்டம், கிணறு. இவற்றை அளக்காமல் செய்யும் வேலை எல்லாம் நம்பிக்கைதான்.

மழைக்கு, பக்கங்கள் நேராக உள்ள எந்தப் பாத்திரமும் போதும். மரமும் கூரையும் இல்லாத இடத்தில், தெறிக்காத உயரத்தில் வையுங்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு உள்ளே நிற்கும் தண்ணீரின் ஆழத்தை ஸ்கேலில் பார்த்து எழுதுங்கள். பள்ளிப் பிள்ளை யாரிடமாவது ஒப்படைத்தால் பெரியவர்களைவிட ஒழுங்காக எழுதும்.

ஓட்டத்தை அளக்க, ஓடை நேராகப் போகும் இடத்தில் 10 மீட்டர் நீளம் குறித்துக்கொண்டு ஒரு காய்ந்த தேங்காய் மட்டையை விடுங்கள். அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 30 செ.மீ., மட்டை 10 மீட்டரைக் கடக்க 12.5 விநாடி என்றால் வேகம் விநாடிக்கு 0.8 மீட்டர். மேற்பரப்பில் தண்ணீர் வேகமாக ஓடும் என்பதால் இன்னொரு 0.8-ஆல் பெருக்க வேண்டும். 2 × 0.3 × 0.8 × 0.8, விநாடிக்கு ஏறக்குறைய 380 லிட்டர். வெள்ளம் முழங்காலுக்கு மேல் போனால் இறங்காதீர்கள். கரையிலிருந்தே மட்டையை எறிந்து நேரம் பாருங்கள். அகலத்தையும் ஆழத்தையும் வடிந்த பிறகு அடையாளம் பார்த்து அளந்துகொள்ளலாம்.

கிணற்றுக்கு முடிச்சுக் கயிறும் ஒரு கல்லும். மாதத்தில் ஒரே தேதி, விடிகாலை, மோட்டார் போடுவதற்கு முன், கிணற்று வாயில் ஒரே இடத்திலிருந்து. மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, ஓடையோரம் ஒன்று என்று மூன்று கிணறாவது வேண்டும்.

மூன்றாவது: மேட்டுச் சரிவு

மரமும் புல்லும் ஏற்கெனவே மூடியிருக்கும் சரிவைத் தோண்டாதீர்கள். மழையை மெதுவாக இறக்கும் வேலையை அவை செய்துகொண்டிருக்கின்றன. வேர்களை வெட்டிவிட்டுக் குழி போடுவது நஷ்டம். அங்கே மேய்ச்சலை இரண்டு மூன்று மழைக்காலம் நிறுத்தினாலே போதும். ஆடு வைத்திருப்பவர்களோடு உட்கார்ந்து பேசி, எந்தப் பக்கத்தை மூடுவது, எந்தப் பக்கத்தைத் திறந்துவிடுவது என்று முடிவுசெய்ய வேண்டும். வேலி போட்டுவிட்டு அப்புறம் பேசினால் வேலியே இருக்காது.

மொட்டைச் சரிவுக்குத்தான் சமமட்டக் குழி, அதாவது சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வெட்டும் நீளக் குழி. 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், 10 முதல் 12 அடி நீளம். ஒரு வரிசையில் குழிக்கும் குழிக்கும் இடைவெளி விட்டு, அந்த இடைவெளிக்கு நேர் கீழே அடுத்த வரிசைக் குழி வர வேண்டும். தோண்டிய மண்ணைக் குழியின் கீழ்ப்பக்கம், விளிம்பிலிருந்து ஓர் அடி தள்ளிக் கரையாகப் போட்டு, அதில் கொழுக்கட்டைப் புல்லோ வெட்டிவேரோ ஊன்றுங்கள். ஒரு குழியில் ஒரு தடவைக்குச் சுமார் 900 லிட்டர் நிற்கும்.

குழி மட்டம் தவறினால் மொத்தமும் கெட்டுவிடும். ஒரு முனை நாலு விரல் இறங்கியிருந்தால் தண்ணீர் அந்த முனையில் சேர்ந்து, உடைத்து, கீழே புது வாரியை வெட்டிவிடும். கொத்தனாரின் ட்யூப் லெவல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மூன்று கம்புகளில் ஒரு மட்டக்கால் செய்துகொள்ளலாம். ஏழடிக் கம்பு இரண்டை உச்சியில் கட்டி, கால்களை விரித்து, பாதி உயரத்தில் குறுக்கே ஒரு கம்பைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து கல் கட்டிய கயிற்றைத் தொங்கவிடுங்கள். இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, அந்த இடங்களில் முளை அடித்து, குறுக்குக் கம்பில் கயிறு தொடும் இடத்தைக் குறியுங்கள். இப்போது மட்டக்காலைத் திருப்பி, இடது கால் நின்ற முளையில் வலது காலும், வலது கால் நின்ற முளையில் இடது காலும் வரும்படி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடு இடம்தான் மட்டம். இனி ஒரு காலை ஊன்றி, கயிறு அந்த நடுக்குறியில் நிற்கும் வரை மறு காலை மேலும் கீழும் நகர்த்தி, முளை அடித்துக்கொண்டே சரிவைக் கடந்து போகலாம். காற்றடித்தால் கயிறு ஆடும், காலையிலேயே முடித்துவிடுங்கள்.

நான்காவது: பட்டா நிலம்

இங்கே எழுத அதிகம் இல்லை, செய்யத்தான் அதிகம். சரிவுக்குக் குறுக்கே உழுவது, வரப்பு உயர்த்துவது, வரப்பின் தாழ்ந்த மூலையில் மிகுந்த தண்ணீர் வெளியேறக் கல் பதித்த போக்கு வைப்பது. போக்கு இல்லாத வரப்பு பெரிய மழையில் உடைந்தே தீரும். உடைந்தால் பக்கத்துத் தோட்டக்காரரோடு சண்டை.

பண்ணைக்குட்டையை நிலத்தின் தாழ்ந்த மூலையில் வெட்டுங்கள். தண்ணீர் உள்ளே வரும் வாயில் ஒரு மண்பிடிப்புக் குழி வேண்டும், அதைத் தூர்வாருவது எளிது, குட்டையைத் தூர்வாருவது எளிதில்லை. வெளிப்போக்கு கரையைவிட ஓரடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். நம் வெயிலில் நாளொன்றுக்கு 5 மி.மீ. ஆவியாகும், மூன்று மாதத்தில் ஒன்றரை அடி. ஆகவே அகலக் குட்டையைவிட ஆழக் குட்டை மேல். கிணற்றுக்கு ஊறவா, நேராக இறைக்கவா என்பதையும் வெட்டும் முன்பே முடிவுசெய்யுங்கள். ஊறும் குட்டையில் பிளாஸ்டிக் விரித்தவரும் உண்டு.

ஐந்தாவது: வாரிகளில் கல்தடுப்பு

ஓடையில் சேரும் சிறு வாரிகளில் சிமென்ட் போடாத கல்தடுப்புதான் சரி. தண்ணீரைத் தேக்க இது உதவாது. வேகத்தைக் கொன்று மண்ணை இறக்கி வைப்பதுதான் இதன் வேலை. பின்னால் மண் நிரம்பினால் தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள், அதற்காகத்தான் கட்டினோம்.

நீர்பிடிப்பு 10 ஹெக்டேருக்குள் இருக்கும் வாரியில் மட்டும் கட்டுங்கள். மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் மழை அடித்தால் 10 ஹெக்டேர் மேட்டு நிலத்திலிருந்தே விநாடிக்கு 600 லிட்டருக்கு மேல் வரும். அதற்கு மேல் போனால் கம்பிவலைக்குள் கல் அடுக்கும் தடுப்புக்குப் போக வேண்டும்.

உயரம் ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம். முதலில் வாரியின் அடியில் ஓரடி ஆழத்துக்கும், இரண்டு கரைகளுக்குள் ஒன்றரை முதல் மூன்று அடிக்கும் வெட்டி, அங்கிருந்தே கல் அடுக்கத் தொடங்குங்கள். மேல்பக்கச் சரிவு ஒன்றுக்கு ஒன்று. கீழ்ப்பக்கம் ஓரடி உயரத்துக்கு மூன்றடி நீளம் என்று படுக்கையாக இறங்க வேண்டும். வழியும் தண்ணீர் தாவி விழாமல் உருண்டு இறங்குவதற்காக. பெரிய கல் வெளியே, சின்னக் கல் உள்ளே சந்தடைக்க. உருண்டைக் கல் நிற்காது, கோணல் மாணலான கல்தான் ஒன்றையொன்று கவ்வும். கல்லுக்காகச் சரிவில் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் பாறைகளைப் பெயர்க்காதீர்கள்.

மேல்விளிம்பின் நடு, இரண்டு ஓரங்களைவிட ஓரடி தாழ்ந்திருக்க வேண்டும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் குழு கட்டிய முதல் தடுப்பு மேசை போல அவ்வளவு மட்டமாக இருந்தது. அழகாக இருக்கிறது என்று நின்று பார்த்தோம். ஐப்பசியில் ஒரே ராத்திரி. தடுப்பு அப்படியே நின்றது, ஒரு கல்கூட நகரவில்லை. ஓடை மட்டும் இடதுகரையைக் குடைந்து, ஒரு வேம்பையும் பத்தடி வரப்பையும் எடுத்துக்கொண்டு, சுற்றிப் போயிருந்தது. காலையில் வந்து பார்த்த தோட்டக்காரப் பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்: “தம்பி, வாசல் வைக்காம வீடு கட்டுனா, வந்தவன் சுவத்தத்தான் ஒடைப்பான்.” வேம்புக்கு அவர் பணம் கேட்கவில்லை. நடுவைத் தாழ்த்தி, கரைக்குள் கல்லை ஏற்றி, அந்த வரப்பையும் நாங்களே கட்டிக்கொடுத்தோம்.

ஒரு தடுப்புக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி? மேல் தடுப்பின் அடிமட்டமும் கீழ்த் தடுப்பின் தலைமட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். தடுப்பு 80 செ.மீ. உயரம், வாரி 100 மீட்டருக்கு 4 மீட்டர் சரிகிறது என்றால், 20 மீட்டருக்கு ஒன்று. வேலையை மேலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். கீழே இருப்பதை முதலில் கட்டினால் மேலே எதுவும் தடுக்காத வெள்ளம் அதன் தலையில் விழும்.

ஆறாவது: இப்போதுதான் ஓடை

மேலே ஒரு மழைக்காலம் போனதும் ஓடையின் குணம் மாறியிருக்கும். வெள்ளம் தாழ்ந்து, நீண்ட நேரத்துக்கு, தெளிவாக வரும். அதைப் பார்த்த பிறகு தடுப்பணை தேவையா, எங்கே என்று யோசியுங்கள்.

நல்ல இடம் என்றால் ஓடை நேராகப் போக வேண்டும், கரை இரண்டு பக்கமும் உயரமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும், அடியில் பாறை தட்ட வேண்டும், கீழே சுற்றுவட்டத்தில் கிணறுகள் இருக்க வேண்டும். வளைவை ஒட்டியும் இரண்டு ஓடை சேரும் இடத்துக்குப் பக்கத்திலும் கூடாது. வழியும் நீளத்தை நீங்கள் எடுத்து வைத்த வெள்ள அடையாளத்தைக் காட்டிப் பொறியாளரிடம் கணக்கிடச் சொல்லுங்கள், பழைய மதிப்பீட்டை எடுத்து ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக் கட்டிய அணைகள் நிறைய உண்டு. சுவரைவிடக் கீழே தண்ணீர் விழும் தளம்தான் முக்கியம். தளம் குட்டையானால் அடியைக் குடைந்து சுவர் கவிழும். அடிமட்டத்தில் ஒரு சின்ன மதகு விடுங்கள்; முதல் வெள்ளத்தின் சேற்றைக் கழுவிவிடவும், கீழே உள்ள கண்மாய்க்குப் பங்கு விடவும் அது உதவும்.

இந்தப் பங்கைப் பற்றிச் சத்தமாகப் பேச வேண்டும். மேலே பத்துத் தடுப்பணை கட்டினால் அது கீழே இருக்கும் ஊரின் கண்மாய்த் தண்ணீர். மேலே உள்ள ஊர்க்காரர்களுக்குக் கிணறு ஊறியது, கீழூரில் கண்மாய் பெருகவில்லை என்றால் நாம் தண்ணீரை உண்டாக்கவில்லை, இடம்தான் மாற்றியிருக்கிறோம். இடம் குறிக்கும் நாளிலேயே கீழூர் ஆயக்கட்டுக்காரர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு நிறுத்துங்கள்.

ஓடையில் ஜேசிபி விட்டுத் தூர்வாருவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கண்மாயைத் தூர்வாருவது வேறு. ஓடையை ஆழமாக, நேராக வெட்டினால் வெள்ளம் வேகம் பிடித்து அடியை இன்னும் அறுக்கும். பக்கத்து நிலத்தடியில் நின்ற நீர் அந்தப் பள்ளத்தில் வடிந்து, ஓடையோரக் கிணறே முதலில் வற்றும். அடைப்பாகக் கிடக்கும் மரம், குப்பை, இடிபாடு ஆகியவற்றை மட்டும் எடுங்கள். வளைவையும் மணலையும் விட்டுவிடுங்கள்; மணல்தான் ஓடையின் பஞ்சு.

சீமைக்கருவேலத்தையும் அப்படித்தான். கண்மாய்க்குள் வேரோடு பிடுங்கலாம். ஓடைக்கரையில் ஒரே நாளில் பிடுங்கினால் கரை உதிர்ந்துவிடும். முதலில் நொச்சி, புங்கன், நாணல் பிடிக்கட்டும். முள்ளை அடியோடு வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க வெட்டிக்கொண்டே வந்து பிறகு வேரை எடுங்கள். நொச்சியை ஆடு தொடாது என்பது கூடுதல் லாபம்.

ஏழாவது: கண்மாய்

கண்மாய் பெருகாததற்குப் பெரும்பாலும் காரணம் கண்மாய்க்குள் இருக்காது, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் இருக்கும். ஓடையிலிருந்து கண்மாய் வரை நடந்து பாருங்கள். பாலத்தடியில் அடைப்பு, நடுவில் உழுது சேர்த்துக்கொண்ட இரண்டு சால், வீட்டுமனைக்காகப் போட்ட சின்னக் குழாய், ஏதாவது ஒன்று அகப்படும்.

வண்டலை விவசாயத்துக்கு எடுக்க 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. கரையை ஒட்டித் தோண்டாதீர்கள், கரை சரியும். ஒரே மூலையில் கிணறு போல வெட்டாமல் பரவலாக எடுங்கள். மிகுந்த தண்ணீர் வழிந்தோடும் கலுங்கின் மேல் மணல்மூட்டை அடுக்கி இரண்டடி கூடுதலாகத் தேக்கும் ஆசை எல்லா ஊரிலும் உண்டு. கலுங்கு வழிய வேண்டிய வெள்ளம் கரையின் மேல் ஏறினால் ஒரு மணி நேரம் தாங்காது.

எட்டாவது: தண்ணீர்ச் செலவு

கடினப்பாறையில் தண்ணீர் தங்கும் இடம் குறைவு; உக்கிய பாறையில் நூற்றுக்கு இரண்டு பங்கு இடுக்கு என்று வைத்துக்கொண்டால், 100 ஹெக்டேரில் நிலத்தடி நீரை ஒரு மீட்டர் உயர்த்த 2 கோடி லிட்டர் ஊற வேண்டும். மழை கொடுப்பது போக ஏக்கர் கரும்புக்குக் கிணற்றிலிருந்து 1,000 மி.மீ. இறைத்தால் 40 லட்சம் லிட்டர். ஐந்து ஏக்கர் கரும்பு அந்த ஒரு மீட்டரைக் குடித்துவிடும். ஊரே சேர்ந்து உயர்த்தியதை ஒரே ஒரு ஆழ்துளைக் கிணறு இழுத்துவிடுவது இப்படித்தான்.

மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் இந்த இடத்தில்தான் மற்ற ஊர்களிலிருந்து விலகியது. 1989-இல் தலைவரான போபட்ராவ் பவார் காலத்தில் அவர்கள் குழியும் தடுப்பும் போட்டதோடு நிற்கவில்லை. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, கரும்பும் வாழையும் கூடாது என்று கட்டுப்பாடு வைத்து, ஆண்டுதோறும் மழையை அளந்து அதற்கேற்பப் பயிரைத் தீர்மானித்தார்கள். அந்தக் கட்டுப்பாடு அப்படியே நம் ஊரில் எடுபடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் தை மாதம் கிணற்று அளவைக் கோயில் சுவரில் எழுதிப்போட்டால், கோடைப் பயிர் எத்தனை ஏக்கர் என்ற பேச்சு தானாக வருகிறது. எங்கள் பக்கம் நெல்லை விட்டு உளுந்துக்கு மாறியவர்கள் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் மாறினார்கள்.

வருஷ வேலை

பங்குனி, சித்திரையில் சமமட்டக் குழியும் கண்மாய் வண்டலும். கோடை மழை விழுந்ததும் குறுக்கு உழவு. ஆனி, ஆடியில் கல்தடுப்பு. புரட்டாசி முதல் வாரத்தில் எல்லா வழிந்தோடிகளையும் நடந்து பார்த்து அடைப்பு எடுப்பது. தடுப்பணைக்குப் பின்னால் காய்ந்து வெடித்த சேற்றுப் பொருக்கைச் சுரண்டி வயலில் போடுவது, அந்தப் பொருக்கு கிடந்தால் தண்ணீர் கீழே இறங்காது. புரட்டாசிக் கடைசியில் கரையில் நடவு. ஐப்பசி, கார்த்திகையில் ஒவ்வொரு பெரிய மழைக்கும் மறுநாள் ஒரு நடை, கையில் நோட்டு. மார்கழியில் கழன்ற கல்லைத் திரும்ப அடுக்குவது. இரண்டு ஆள், அரைநாள் வேலை, தள்ளிப்போட்டால் அடுத்த வருஷம் முழுத் தடுப்பையும் கட்ட வேண்டியிருக்கும்.